பீடத்தை இழந்த ஓவியங்கள்

உரோமைக்குத் திருப்பயணம் சென்று திரும்பும் நம் மக்களிடம் அங்கே என்ன கண்டீர்கள் என்று கேட்டால், புனித பேதுரு பேராலயம், கொலோசேயம், சுரங்கக் கல்லறைகள், திருத்தந்தையின் புதன்கிழமைச் சந்திப்பு என்று நான்கைந்து பெயர்களைச் சொல்வார்கள். பேருந்து நின்ற இடங்களே அவர்கள் கண்ட உரோமை. அதில் குறை காண்பதற்கில்லை. எட்டு நாள்களில் மூன்று நாடுகளைக் காட்டி அழைத்து வரும் பயண முகவர்கள் வேறென்ன செய்ய இயலும்?

பெருந்தொற்றுக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஓர் அக்டோபர் மாதத்தில், அந்நகரில் ஆறு நாள்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே உயர்கல்வி பயின்றுகொண்டிருந்த நம் மறைமாவட்டத்து இளங்குரு ஒருவர் வழித்துணையானார். ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்பது நம் நெடுநாளைய ஆவல் என்று சொன்னதும், "அப்படியானால் பஸ் வேண்டாம் ஃபாதர், நடப்போம்" என்றார். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த நம் முழங்கால்கள் அதை ஏற்கத் தயங்கின. ஆனால் அவர் சொன்ன காரணம் நம்மை எழுப்பிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரி, உரோமையின் தொழிலாளரையும் எழுத்தரையும் இளைஞரையும் திரட்டிக்கொண்டு ஏழு பேராலயங்களுக்கும் பாடிக்கொண்டே நடந்து சென்றார். வழியில் தோட்டமொன்றில் அமர்ந்து உணவைப் பகிர்ந்து உண்டார்கள். அந்த நடைப்பயண மரபு இன்றும் அங்கே அழியவில்லை. அவர் நடந்த ஊரில் நாம் ஊர்தி தேடுவது அழகன்று என்று பட்டது.

இரண்டு நாள்கள் நடந்த பின்னரே ஒன்று நமக்குப் புலப்பட்டது. கலைக்கூடங்களில் மக்கள் கூட்டமாய் நின்று பார்க்கும் பேரோவியங்களில் பல, ஆலயப் பீடங்களுக்கென்று தீட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு நாளில், ஒருவர் கையால், ஒரு காரணம் சொல்லப்பட்டு, பீடத்தினின்று அகற்றப்பட்டது. ஆலயத்திலிருந்து கலைக்கூடத்திற்கு நாம் நடந்த தெருக்கள், அந்த ஓவியங்கள் போன வழியே. இக்கட்டுரை அவ்வழியைப் பற்றியது.

வடதிசையிலிருந்து வந்த திருப்பயணிகள் உரோமைக்குள் நுழைந்த வாயில் பொப்போலோ வாயில். உள்ளே வந்ததும் இடப்புறம் நிற்பது சாந்தா மரியா தெல் பொப்போலோ ஆலயம். அதில் நடுப்பீடத்திற்கு இடப்பக்கத்துச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோவின் இரண்டு ஓவியங்கள் எதிரெதிர்ச் சுவர்களில் உள்ளன. ஒன்று புனித பவுலின் மனமாற்றம். மற்றொன்று புனித பேதுரு சிலுவையில் அறையப்படுதல். திருத்தந்தையின் பொருளாளராயிருந்த திபேரியோ செராசி என்பார் 1600-ஆம் ஆண்டு இவற்றைத் தீட்டப் பணித்தார். அடுத்த ஆண்டே அவர் அச்சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சுவரில் ஒரு பெட்டி இருந்தது. நாணயம் இட்டால் விளக்கு எரிந்தது. சில நிமிடங்களில் அணைந்தது. "காசு போட்டால்தான் அருள்வாக்கு போலிருக்கிறது ஃபாதர்" என்று இளங்குரு நகைத்தார். பவுலின் மேல் ஓங்கி நிற்கும் குதிரையின் பக்கவாட்டையும், பேதுருவின் சிலுவையைத் தோளால் முட்டித் தூக்கும் கூலியாளின் அழுக்கேறிய உள்ளங்காலையும் அந்தச் சில நிமிடங்களுக்குள் பார்த்தோம். விளக்கு அணைந்த பிறகு அரையிருளில் இன்னும் சிறிது நேரம் நின்றோம். மெழுகுதிரியின் ஒளியில் பார்க்கவே தீட்டப்பட்டவை அல்லவா? அரையிருளில் அவை இன்னும் நெருங்கி வந்தன.

அங்கிருந்து ரிப்பெத்தா தெரு வழியே தெற்கே இருபது நிமிட நடையில் பிரெஞ்சு மக்களின் ஆலயமாகிய புனித லூயிஸ் ஆலயம் உள்ளது. அங்கே கோந்தரெல்லி சிற்றாலயத்தில் புனித மத்தேயுவின் வாழ்வு மூன்று ஓவியங்களாக விரிகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தாம் கர்தினாலாக உரோமைக்கு வரும்போது அருகிலிருந்த இல்லத்தில் தங்கியதையும், மத்தேயுவின் அழைப்பைக் காட்டும் ஓவியத்தின்முன் வந்து நின்றதையும் 2013-ஆம் ஆண்டு நேர்காணலொன்றில் சொல்லியிருந்தார். இடச்சுவரில் உள்ள அந்த ஓவியத்தில் ஒளி வலப்பக்கத்திலிருந்து பாய்கிறது. சிற்றாலயத்தின் உண்மையான சாளரமும் அத்திசையில், பீடத்திற்கு மேலேதான் இருக்கிறது. வரைந்த ஒளியும் வானத்து ஒளியும் ஒரே பக்கத்திலிருந்து வருமாறு ஓவியர் அமைத்திருக்கிறார். இவ்வோவியத்தைப் பெயர்த்து வேறொரு கூடத்தில் மாட்டினால், அந்த ஒளி வந்த வழி எவருக்கும் விளங்காது.

இங்கே பீடத்தின்மேல் இருக்கும் மத்தேயு இரண்டாவது மத்தேயு. முதலில் தீட்டிய ஓவியத்தில் அவர் உழவரைப்போல் வெறுங்காலை முன்னே நீட்டி அமர்ந்திருந்தார். எழுதத் தெரியாதவரின் கையை வானதூதர் பிடித்து எழுதுவிப்பதுபோல் இருந்தது. அது குருக்களுக்கு ஏற்புடையதாகவில்லை என்பது அக்காலத்து வரலாற்றாசிரியர் கூற்று. வின்சென்சோ ஜுஸ்தினியானி என்ற செல்வர் அதை வாங்கிக்கொண்டார். அவர் குடும்பத்தின் ஓவியங்கள் 1815-இல் புருசிய மன்னருக்கு விற்கப்பட்டபோது அதுவும் பெர்லின் சென்றது. 1945-இல் அந்நகரில் எழுந்த தீயில் அழிந்தது. எழுதப் பழகும் அந்த ஏழை மத்தேயுவை இனிக் கறுப்பு வெள்ளை நிழற்படங்களில் மட்டுமே காண இயலும்.

இரண்டு தெரு தள்ளிப் புனித அகுஸ்தினார் ஆலயம். நாம் நெடுநேரம் தங்கிய இடம் இதுவே. நுழைந்ததும் இடப்பக்கத்து முதல் சிற்றாலயத்தில் 'திருப்பயணிகளின் அன்னை' என்ற ஓவியம் உள்ளது. கவலெத்தி என்பவர் லொரேத்தோ அன்னைக்கு ஒரு சிற்றாலயம் வேண்டுமென்று விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு 1604-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரவாஜ்ஜோ தீட்டியது. உரோமைத் தெருவொன்றின் வீட்டு வாசற்படியில் குழந்தையை ஏந்தி அன்னை நிற்கிறார். முன்னே இருவர் முழந்தாளிட்டிருக்கின்றனர்: கோலூன்றிய ஓர் ஆண்மகன், கிழிந்த துணியால் தலையை மூடிய ஒரு மூதாட்டி. அவ்வாணின் உள்ளங்கால்கள் நம் முகத்துக்கு நேரே, வழிநடையின் மண்ணோடு இருக்கின்றன. கரவாஜ்ஜோவை அவதூறு வழக்குக்கு இழுத்த ஓவியர் ஜொவான்னி பாலியோனே, பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலில், இந்த அழுக்குக் கால்களையும் அழுக்குத் தலைத்துணியையும் குறிப்பிட்டு, பாமரர் இதைக் கண்டு பெருங்கூச்சல் எழுப்பினர் என்று எழுதினார். இகழ்ச்சியாகத்தான் எழுதினார். அந்தக் கூச்சல் எதனால் எழுந்தது என்பது அவருக்குப் புரிந்திருக்குமா என்று தெரியவில்லை. பீடத்தின்மேல் முதன்முறையாகத் தம் கால்களையே கண்டவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அதே உரோமையில், பிலிப்பு நேரியார் தொடங்கிய மூவொரு இறைவன் திருப்பயணிகள் சபையினர், யூபிலி ஆண்டுகளில் வந்து சேர்ந்த ஏழைத் திருப்பயணிகளுக்குத் தங்க இடமும் உணவும் தந்து அவர்கள் கால்களைக் கழுவி வந்தனர். கர்தினால்களும் பிரபுக்களும் அந்தத் தொண்டில் பங்குகொண்டனர். கழுவுமுன் அந்தக் கால்கள் எப்படி இருந்தனவோ, அப்படியே கரவாஜ்ஜோ வரைந்தார். பெரிய வியாழனன்று முன்கூட்டியே நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து அமரும் பன்னிருவரின் கால்களில் தண்ணீர் ஊற்றுகிற நமக்கு, இந்த ஓவியத்தின்முன் நிற்கச் சற்றுக் கூச்சமாயிருந்தது.

அவ்வாலயத்தின் வாயிலருகே சன்சொவீனோ செதுக்கிய அன்னையின் பளிங்குச் சுரூபம் அமர்ந்திருக்கிறது. மகப்பேறு வேண்டுவோரின் அன்னை. முத்தமிட்டு முத்தமிட்டு அவர் பாதம் தேய்ந்து மழுங்கியிருந்தது. சுற்றிலும் இளஞ்சிவப்பும் நீலமுமாய்ப் பிறந்த பிள்ளைகளுக்கான நாடாக்கள். கலை வரலாற்று நூல்கள் இச்சிற்பத்தைப் பற்றிப் பேசுகின்றன. அங்கே நின்ற பெண்களோ எந்த நூலையும் படித்து வந்தவர்களாகத் தோன்றவில்லை.

மேற்கே சிறிது தொலைவில் 'புதிய ஆலயம்' என்று இன்றும் அழைக்கப்படும் கியேசா நுவோவா. புனித பிலிப்பு நேரி அடக்கம் செய்யப்பட்டிருப்பது இங்கேதான். இதன் நடுப்பீடத்தில் ரூபென்ஸ் 1608-இல் கருங்கற்பலகையின்மேல் தீட்டிய ஓவியத்தில் ஒரு புதுமை உண்டு. நடுவே அன்னையைத் தாங்கிய செப்புத் தகடு ஒன்று இருக்கிறது. திருநாள்களில் அதை விலக்கினால், பின்னால் மக்கள் காலங்காலமாய் வணங்கிவந்த பழைய அன்னையின் படம் வெளிப்படும். ஐரோப்பாவே போற்றிய ஓவியர், பெயரறியாத ஒருவரின் பழைய படத்திற்குத் தம் ஓவியத்தை உறையாக்கியிருக்கிறார்.

ஆனால் நாம் தேடிச்சென்றது வலப்பக்கத்து இரண்டாம் பீடத்தை. கரவாஜ்ஜோவின் 'கிறிஸ்துவின் அடக்கம்' தீட்டப்பட்டது அந்தப் பீடத்திற்கே. இப்போது அங்கிருப்பது நகல். நல்ல நகல்தான், ஆனால் அருகே சென்றதும் நகலென்று தெரிந்துவிடுகிறது. மூலம் எங்கே போனது என்பதற்கு விடை சொல்லப் பாரிசு வரை செல்லவேண்டும்.

1796-ஆம் ஆண்டு இத்தாலியில் படையோடு புகுந்த நெப்போலியன், போர்நிறுத்தத்திற்கு விலையாகத் திருத்தந்தை ஆறாம் பயசிடம் பணத்தோடு 100 கலைப்பொருள்களையும் 500 கையெழுத்துச் சுவடிகளையும் கேட்டார். 1797 பிப்ரவரியில் தொலெந்தீனோ உடன்படிக்கை அதை உறுதி செய்தது. கரவாஜ்ஜோவின் 'அடக்கம்' புதிய ஆலயத்திலிருந்து இறக்கப்பட்டது. ரஃபாயேலின் இறுதிப் படைப்பாகிய 'தோற்றமாற்றம்', ஜானிக்கோலோ குன்றின்மேலிருந்த புனித பேதுரு ஆலயப் பீடத்திலிருந்து இறக்கப்பட்டது. 1798 ஜூலையில் பாரிசு வீதிகளில் இத்தாலியக் கலைச்செல்வங்கள் வெற்றி ஊர்வலமாக வந்தன. அடுத்த ஆண்டு ஆறாம் பயஸ் பிரான்சின் வாலன்சு நகரில் கைதியாகவே உயிர்நீத்தார்.

இந்தக் கொள்ளையை எதிர்த்து எழுந்த சிறந்த குரல் ஒரு பிரெஞ்சுக்காரருடையது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. கத்ருமேர் தெ கேன்சி என்பவர் 1796-இல் கடித வடிவில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். உரோமை என்னும் காட்சிச்சாலை சிலைகளால் மட்டும் ஆனதன்று, அதன் இடங்களும் சாலைகளும் மலைகளும் ஒளியும் மக்களின் வழக்கங்களும் சேர்ந்ததே அது, ஆதலால் அதைப் பெயர்த்து எடுத்துச்செல்ல இயலாது, சிதைக்கத்தான் இயலும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே ஆண்டில் ஏறத்தாழ ஐம்பது பிரெஞ்சுக் கலைஞர்கள் இக்கருத்தையொட்டிய விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். புரட்சியின் ஓவியராகிய ழாக் லூயி தாவீதும் அவர்களுள் ஒருவர். அரசு அதைப் பொருட்படுத்தவில்லை.

நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-இல் திருத்தந்தை ஏழாம் பயஸ், சிற்பி அந்தோனியோ கனோவாவைப் பாரிசுக்கு அனுப்பினார். கனோவா வாதாடினார், மன்றாடினார், அவமதிப்புகளைப் பொறுத்துக்கொண்டார். எல்லாம் திரும்பவில்லை, ஆனால் பெரும்பகுதி திரும்பியது. இங்கேதான் நாம் எதிர்பாராத திருப்பம். உரோமைக்குத் திரும்பிய 'அடக்கம்' புதிய ஆலயத்திற்குப் போகவில்லை. 'தோற்றமாற்றம்' ஜானிக்கோலோ குன்றுக்குப் போகவில்லை. பொதுமக்கள் காணும்படி வத்திக்கானில் ஒருங்கே வைக்கப்பட்டன. பிரான்சு எடுத்ததைத் திருப்பித் தந்தது. பெற்றுக்கொண்ட நாம் பீடங்களுக்குத் திருப்பித் தரவில்லை. பாரிசில் கற்ற பாடமோ என்னவோ, பீடத்திற்குரியது கலைக்கூடத்திற்குரியதாக மாறியதை உரோமையும் ஏற்றுக்கொண்டது.

மறுநாள் திபேர் ஆற்றைக் கடந்து வத்திக்கான் மதிலை ஒட்டி நடந்து, 1932-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திறந்துவைத்த ஓவியக்கூடத்தில் 'அடக்க'த்தின்முன் நின்றோம். காட்சிச்சாலைக்கு வரும் பெருங்கூட்டம் சிஸ்டைன் சிற்றாலயத்தை நோக்கி விரைவதால், இங்கே அமைதியாக நிற்க முடிந்தது. கல்லறையின் கற்பலகை விளிம்பில் நின்று நிக்கதேம் ஆண்டவரின் முழங்கால்களைத் தழுவித் தாங்குகிறார். யோவானின் கைவிரல்கள் அறியாமலே விலாக் காயத்தைத் தொடுகின்றன. கற்பலகையின் மூலை, ஓவியத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுபோல் நம்மை நோக்கி நீள்கிறது. ஆண்டவரின் வலக்கை கீழே தொங்குகிறது. எங்கே இறக்குகிறார்கள் அவ்வுடலை? இக்கேள்வி கலைக்கூடத்தில் நிற்போர்க்கு எழாது. திருப்பலி ஆற்றுகிறவர்க்கு எழும். இவ்வோவியத்திற்குக் கீழே ஒரு பீடம் இருந்தது. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி நின்று அப்பத்தை உயர்த்திப்பிடித்த அக்காலத்தில், அவர் கையிலிருந்த அப்பம் ஓவியத்தில் இறக்கப்படும் உடலுக்கு நேராக எழுந்தது. கல்லின் மூலை பீடத்தை நோக்கி நீண்டது. மேலே இறக்கப்படுவதும் கீழே உயர்த்தப்படுவதும் ஒன்றே என்று, மறைக்கல்வி அறியாத பெண்ணொருத்திக்கும் அந்தச் சிற்றாலயத்தில் விளங்கியிருக்கும். இங்கே ஓவியத்தின் கீழே இருந்தது வழவழப்பான தரை. ஓவியம் நன்றாகப் பேணப்பட்டிருந்தது. நல்ல வெளிச்சத்தில் இருந்தது. அருகே விளக்கக் குறிப்பும் இருந்தது. உடலை இறக்க மட்டும் இடமில்லை.

நெப்போலியனைக் குற்றவாளியாக்கி இக்கட்டுரையை முடித்துவிட்டால் நமக்கு எளிது. போர்கேசே கலைக்கூடத்திற்குப் போகாமலிருந்தால் அப்படி முடித்திருப்போம்.

மூன்றாம் நாள் பொப்போலோ சதுக்கத்திலிருந்து பின்சியோ மேட்டின் படிகளேறி, பைன் மரங்களின் நிழலில் அரைமணி நேரம் நடந்து, கர்தினால் சிப்பியோனே போர்கேசேயின் மாளிகையை அடைந்தோம். இரண்டு மணி நேரத்திற்கு மட்டுமே அனுமதி, முன்பதிவும் வேண்டும். 1902 முதல் அது இத்தாலிய அரசின் உடைமை. சிப்பியோனே, திருத்தந்தை ஐந்தாம் பவுலின் உடன்பிறந்தாள் மகன். மாமன் 1605-இல் திருத்தந்தையானார். அதே ஆண்டில் மருமகன் கர்தினாலானார். கலையை அவர்போல் நேசித்தவர் அந்நாளில் அரிது. அந்த நேசம் எதற்கும் தயங்கவில்லை. 1607-இல் ஓவியர் ஜுசெப்பே செசாரி துப்பாக்கிகளைச் சட்டத்திற்கு மாறாக வைத்திருந்தார் என்று பிடிபட்டபோது, அவர் வைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களைத் திருத்தந்தையின் அரசு பறிமுதல் செய்தது. அவை கர்தினாலின் கைக்கு வந்தன. இளம் கரவாஜ்ஜோவின் 'பழக்கூடை ஏந்திய சிறுவன்' அப்படி வந்ததே. புனித பேதுரு பேராலயத்தின் பீடமொன்றிற்காகக் கரவாஜ்ஜோ தீட்டிய 'குதிரைக்காவலர் சபையின் அன்னை' 1606-இல் சில நாள்களே அங்கிருந்தது. பிறகு அச்சபையின் புனித அன்னம்மாள் ஆலயத்திற்கு மாற்றப்பட்டு, விரைவில் கர்தினாலுக்கு விற்கப்பட்டது. அந்த ஆலயமே 1929 முதல் வத்திக்கான் நகரின் பங்கு ஆலயம்.

ஆனால் அம்மாளிகையில் நம்மை நிறுத்திவைத்தது ரஃபாயேலின் ஓவியம். அதன் பொருளும் கிறிஸ்துவின் அடக்கமே. பெரூஜா நகரத்தை ஆண்ட பாலியோனி குடும்பத்தில் 1500-ஆம் ஆண்டு கோடையில் ஒரு கொடிய படுகொலை நிகழ்ந்தது. கிரிஃபோனெத்தோ என்ற இளைஞன் தன் உறவினரைக் கொன்ற சதியில் சேர்ந்தான். தாய் அத்தலாந்தா அவனைத் தன் வீட்டு வாசலில் சேர்க்க மறுத்தாள். விரைவிலேயே பழிவாங்க வந்தவர்கள் தெருவில் அவனை வெட்டி வீழ்த்தினர். அப்போது தாய் ஓடிவந்தாள். உன்னைக் கொன்றவர்களை மன்னித்துவிடு என்று மகனிடம் வேண்டினாள். அவன் அதற்கு இசைந்து உயிர்விட்டான் என்று அந்நகரின் நாளேட்டாசிரியர் எழுதிவைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தாய், பெரூஜாவின் பிரான்சிஸ்கு சபையாரின் ஆலயத்திலிருந்த குடும்பச் சிற்றாலயத்திற்கு ஓர் ஓவியம் வேண்டுமென்று இளைஞரான ரஃபாயேலைக் கேட்டாள். 1507-இல் அவர் அதைத் தீட்டிக் கையொப்பமிட்டார். மகனின் உடலைச் சுமந்து செல்கிறார்கள். மயங்கி விழும் தாயைப் பெண்கள் தாங்குகிறார்கள். எந்தத் தாய் அவள் என்று பெரூஜா மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நூறாண்டுகள் அவ்வோவியம் அங்கிருந்தது. 1608-இல் ஓர் இரவு, ஆலயத்தைக் காக்கவேண்டிய துறவியரின் இசைவோடு, சிப்பியோனேயின் ஆள்கள் அதை இறக்கி உரோமைக்குக் கொண்டு சென்றார்கள். விடிந்ததும் பெரூஜா கொதித்தது. திருத்தந்தை, அவ்வோவியம் தம் மருமகனின் தனியுடைமை என்று தம் ஆணையால் அறிவித்தார். ஊராரை அமைதிப்படுத்த நகல்கள் செய்விக்கப்பட்டன. நகல் செய்தவர்களுள் ஒருவர், முந்தைய ஆண்டில் தம் ஓவியங்களையெல்லாம் பறிகொடுத்த அதே செசாரி.

எந்தப் படையும் வரவில்லை. எந்த உடன்படிக்கையும் இல்லை. துறவியர் கதவைத் திறந்துவிட்டனர்.

வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக, இந்த இடத்தில் நம் கதை ஒன்றையும் சொல்லியாகவேண்டும். குருத்துவம் பெற்ற சில ஆண்டுகளில், 2003-இல், உள்நாட்டுக் கிராமப் பங்கொன்றில் பணியாற்றினோம். அவ்வாலயத்தின் இடப்பக்க மாடத்தில் வியாகுல மாதாவின் மரச் சுரூபம் இருந்தது. எந்தக் காலத்தது என்று எவருக்கும் தெரியாது. எண்ணெயும் புகையும் படிந்து கறுத்து, ஒரு கைவிரல் ஒடிந்து, அடியில் செல்லரித்திருந்தது. ஆலயத்திற்குப் பளிங்குத் தளமிடப் பொருள் தேடிக்கொண்டிருந்தோம். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து எட்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். பங்குப் பேரவையைக் கூட்டவில்லை. அதிகாலையில் வண்டி வரட்டும், கூட்டம் கூடாது என்று சொன்னவரும் நாமே. மாடத்தில் புதிய பாரிசுச் சாந்துச் சுரூபத்தை வைத்தோம். வண்ணம் பளிச்சென்றிருந்தது, பலர் பாராட்டவும் செய்தனர். சனிக்கிழமை மாலை மெழுகுதிரியோடு வந்த மூதாட்டி ஒருவர் மட்டும் மாடத்தைப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்து, "நம்ம மாதா எங்க சாமி?" என்றார். "இதோ புதுசா வந்திருக்காங்களே அம்மா" என்றோம். அவர் மறுத்துப் பேசவில்லை. "இது நல்லாத்தான் இருக்கு சாமி. எம்மவன அடக்கம் பண்ணுன அன்னிக்கு நான் கட்டிப் புடிச்சி அழுதது அவுங்களத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரஃபாயேலின் ஓவியத்தின்முன் நின்றபோது இளங்குரு ஓவியத்தின் அமைப்பைப்பற்றி நல்ல செய்திகள் சொல்லிக்கொண்டிருந்தார். நம் செவியில் அம்மூதாட்டியின் குரலே ஒலித்தது. பெரூஜாவுக்கு அனுப்பிய நகல், நாம் வைத்த சாந்துச் சுரூபமன்றி வேறென்ன? குருமடத்தில் நாம் படித்துத் தேர்வெழுதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1190-ஆம் சட்டம், மக்கள் பெருவணக்கம் செலுத்திவரும் திருவுருவங்களைத் திருப்பீடத்தின் அனுமதியின்றிக் கைமாற்றுவது செல்லாது என்கிறது. படித்தது நினைவிருந்தது, பெருவணக்கம் என்றால் ஆயிரக்கணக்கானோர் கூடும் திருத்தலங்கள் என்று எண்ணியிருந்தோம். ஒரு சிற்றூரின் சனிக்கிழமை மெழுகுதிரிகளை அந்தச் சொல்லுக்குள் நாம் அடக்கியிருக்கவில்லை.

கலைக்கூடங்கள் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. பலெர்மோ நகரத்துச் சிற்றாலயமொன்றில் கரவாஜ்ஜோவின் 'பிறப்பு' ஓவியம் தனக்குரிய பீடத்திலேயே இருந்தது. 1969 அக்டோபரில் திருடர்கள் அதைச் சட்டத்தினின்று வெட்டி எடுத்துச் சென்றார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. ஏழை மத்தேயுவோ காட்சிச்சாலையின் உடைமையாய் இருந்தும் எரிந்தார். ஈரமும் செல்லும் திருடரும் எந்தப் பக்கமும் சேராதவர்கள். பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் நோக்கினால் வத்திக்கான் செய்தது தவறென்று சொல்லத் துணியமாட்டோம். 1820-இல் கர்தினால் பாக்கா வெளியிட்ட ஆணை, திருத்தந்தையின் ஆட்சிப்பகுதிகளில் கலைப்பொருள்களை அனுமதியின்றி விற்பதையும் வெளியேற்றுவதையும் தடுத்தது. ஆலயங்களும் தம்மிடமுள்ளவற்றைப் பட்டியலிட்டுத் தரவேண்டுமென்றது. பிற நாடுகளின் பாதுகாப்புச் சட்டங்களுக்கு முன்னோடியானது அது. பறிகொடுத்தவர்கள் எழுதிய சட்டமாதலால் அதில் ஒரு தெளிவு இருக்கிறது. ஆனாலும் பட்டியலில் எழுதப்படாத ஒன்று உண்டு. எந்தப் படத்தின்முன் எவர் அழுதார் என்பதை எந்தக் கர்தினாலும் பட்டியலிடச் சொல்லவில்லை.

எஞ்சிய நாள்களில் தோரியா பம்பீலி, பர்பெரீனி மாளிகைகளையும் பார்த்தோம். வெலாஸ்கெஸ் தீட்டிய பத்தாம் இன்னொசெந்து திருத்தந்தையின் கண்கள், பார்ப்பவரை விசாரணைக்கு அழைப்பவை. அவற்றை நெடுநேரம் எதிர்கொள்ளும் நிலையில் நாம் இல்லை. புறப்படும் நாளின் மாலை இளங்குரு, "எங்கே போகலாம் ஃபாதர்?" என்றார். புனித அகுஸ்தினார் ஆலயத்திற்கே மீண்டும் நடந்தோம். கரவாஜ்ஜோவின் ஓவியத்திற்கு எவரும் நாணயம் இடவில்லை. இருளில் அந்த இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் மங்கலாய்த் தெரிந்தன.

ஊர் திரும்பிய அடுத்த மாதம் அந்தக் கிராமப் பங்குக்குச் சென்றோம். வியாபாரியின் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது. அவரைப்பற்றி எவருக்கும் தெரியவில்லை. மூதாட்டி இறந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. பங்குத்தந்தையிடம் பழைய உடைமைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினோம். நம் கையெழுத்தில் ஒரே வரி: "பழைய மரச் சுரூபம் 1. பழுதடைந்தது. அகற்றப்பட்டது." அதன் கீழே, பங்குத்தந்தையின் அனுமதியோடு, நடந்ததை நாள் குறித்து எழுதினோம்: வியாகுல மாதா, ஒரு விரல் ஒடிந்தது, விற்கப்பட்டது, தொகை ரூபாய் எட்டாயிரம், விற்றவர் இன்னார். கையொப்பமிட்டோம்.

உபதேசியார் அருகிலேயே நின்றிருந்தார். "அந்தம்மா மவ இப்பவும் சனிக்கிழமை வருது சாமி. புது மாடத்துல வைக்காது. பழசு இருந்த மூலையில தரையிலதான் திரி வைக்கும்" என்றார். போய்ப் பார்த்தோம். நாம் போட்ட பளிங்குத் தளத்தில், சுவரோரமாய், உருகி உறைந்த மெழுகு ஒரு கைப்பிடி அளவுக்குப் படிந்திருந்தது. சுரண்டி எடுக்க முயன்ற தடமும் அதில் இருந்தது.